பேண்டேஜ் துணியில் ஒரு முகம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இந்த இரண்டு ஊர்களையும் சுற்றி நடக்கும் தொழில்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், துணிப்பொம்மை செய்ய வேண்டிய சாமான்களின் பட்டியல் போலவே இருக்கும். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸும் அதன் பின் வந்த நூற்பாலைகளும் இருக்கின்றன. 1939இல் மருத்துவப் பஞ்சுக்கென்றே ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. கிழக்கே சத்திரப்பட்டி வட்டாரத்தின் தறிகளில் பேண்டேஜ் துணி ஓடுகிறது. தென்பக்கம் தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் என்றால் ஜவுளிக் கடைக்காரர்களுக்கு நைட்டிதான் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புப் பக்கம் போனால் சுந்தரபாண்டியத்தில் கைத்தறிப் பருத்திச் சேலை. மலையைச் சுற்றிக்கொண்டு தேனி மாவட்டத்துக்குள் நுழைந்தால் இலவம் பஞ்சுக்குப் பேர்போன போடிநாயக்கனூர். தோலுக்குத் துணி, உள்ளே திணிக்கப் பஞ்சு, முடிக்கு நூல், உடுத்தச் சேலை, தைக்கப் பழகிய கை என எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் இந்த ஊர்களின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டும்படியான துணிப்பொம்மை ஒன்றுகூட இல்லை. நவராத்திரி வந்தால் மதுரை விளாச்சேரியிலிருந்து களிமண் பொம்மை வருகிறது. பிறந்தநாள் வந்தால் ஃபேன்சி ஸ்டோரிலிருந்து பாலியெஸ்டர் கரடி வருகிறது.

இந்தக் குறையைப் போக்க வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம் பயிற்சி வகுப்பு. மகளிர் குழுவினர் இருபது பேரை உட்காரவைத்து, எங்கிருந்தோ எடுத்த ஒரு பேட்டர்னை நகலெடுத்துக் கொடுத்து, ஃபெல்ட் என்ற பெயரில் கிடைக்கும் பாலியெஸ்டர் துண்டுகளையும் பசைத் துப்பாக்கியையும் கையில் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் இருபது பேரும் ஒரே மாதிரி முயல்குட்டி செய்துவிடுவார்கள். அந்த முயல்குட்டி கண்காட்சியில் ஒருநாள் நிற்கும், பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். சந்தைப்படுத்தல் சரியில்லை என்று அறிக்கை எழுதப்படும். உண்மையில் கோளாறு அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. துணியையும் பேட்டர்னையும் இரண்டு தனிச் சமாசாரங்களாக நினைத்ததுதான் அந்தக் கோளாறு. பொம்மை செய்வதில் புது வடிவம் என்பது துணியின் குணத்திலிருந்துதான் பிறக்கிறது. துணி மாறினால் பேட்டர்ன் மாறியே தீர வேண்டும். பேட்டர்னை மட்டும் கடன் வாங்கினால் அதைப் பெற்றெடுத்த துணியையும் கூடவே கடன் வாங்க வேண்டிவரும், பிறகு இந்த ஊர்ப் பொம்மை என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் மிஞ்சாது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தங்கள் துணிகளிடமிருந்து தொடங்கினால், வேறெங்கும் செய்ய முடியாத பொம்மை இங்கே கிடைக்கும் என்பது என் கணிப்பு.

தைப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான். பனியன் துணி இழுத்தால் நீளும், அதனால் முன்னொன்று பின்னொன்று என இரண்டே துண்டில் உருண்டைத் தலை வந்துவிடும். அதே பேட்டர்னைப் பாப்ளினில் வெட்டித் திணித்தால் தலை தட்டையாகி, ஓரமெல்லாம் சுருக்கம் விழும். நெய்த துணியில் உருண்டை வேண்டுமென்றால் டாட் பிடிக்க வேண்டும், அல்லது நான்கைந்து துண்டுகளாக வெட்டி இணைக்க வேண்டும். இல்லையேல் கிராஸாக வெட்டி, அந்தச் சாய்வு தரும் நெகிழ்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். உலகப் புகழ்பெற்ற துணிப்பொம்மைகள் ஒவ்வொன்றும் இப்படித்தான் உருவாகியிருக்கின்றன. இத்தாலியின் டூரின் நகரில் 1919இல் தொடங்கிய லென்சி நிறுவனத்தின் பொம்மைகளுக்கு முகத்தில் தையலே கிடையாது. கம்பளி ஃபெல்ட்டை நீராவி காட்டி அச்சில் அழுத்தினால் மூக்கும் கன்னமும் அப்படியே எழுந்து நிற்கும், அது கம்பளியின் குணம். அமெரிக்காவில் இசன்னா வாக்கர் 1873இல் காப்புரிமை பெற்ற முறையில் மலிவான துணி அடுக்குகளைப் பசையோடு சேர்த்து அச்சில் அழுத்தினார்கள், பருத்திக்கு அந்தப் பசை தேவைப்பட்டது. ஜெர்மனியின் கேத்தே குரூஸே 1905இல் தன் மகளுக்குச் செய்த முதல் பொம்மை, மணல் நிரப்பிய ஒரு துண்டுத் துணி. அதன் தலை ஓர் உருளைக்கிழங்கு. பிற்காலத்தில் அவருடைய பொம்மைகளுக்குள் துருவக் கலைமான் மயிர் திணித்தார்கள். வால்டோர்ஃப் பள்ளிகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பொம்மைக்குத் தலைக்குள் கம்பளி உருண்டை. அதன் மேல் குழாய் வடிவ காஸ் துணியைப் போர்த்தி, கண் இருக்க வேண்டிய மட்டத்தில் நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்த ஒரு கட்டில் நெற்றி மேலே பிரியும், கன்னம் கீழே பிரியும்.

அங்கே பயன்படுவது மருத்துவமனைக் காஸ் என்பதைக் கவனிக்க வேண்டும். சத்திரப்பட்டித் தறிகளில் பல தலைமுறையாக ஓடும் அதே வகைச் சரக்கு, வேறொரு நாட்டில் நூறு ரூபாய்ப் பொருளை ஆயிரம் ரூபாய்ப் பொருளாக்கும் ரகசியமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

உள்ளூரிலேயே இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. மூக்குக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும், வாலுக்கு அரளிப்பூ, கண்ணுக்குக் காக்காப்பொன், கட்டுவதற்கு வாழைநார். ஒரு கிளி கட்டி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பக்தர்கள் இதைப் பக்தியோடு பார்க்கிறார்கள், பார்க்கட்டும். பொம்மைத் தொழிலின் கண்ணோடு பார்ப்பவருக்கு இது ஒரு பாடப்புத்தகம். சிவப்பாக இருப்பதால் மட்டும் மாதுளம்பூ அங்கே வரவில்லை. அதன் தடித்த வளைந்த இதழுக்குக் கிளிமூக்கின் வளைவு இயல்பிலேயே இருக்கிறது. விரல் விரித்தாற்போன்ற மரவள்ளி இலையை அடுக்கி மடிப்பதற்கும், விறைப்பான ஓலை இறக்கையை நிமிர்த்திப் பிடிப்பதற்கும் அதனதன் காரணம் இருக்கிறது. வாழைநார் இறுகக் கட்டினாலும் இலையை அறுக்காது. எந்தப் பொருள் எந்த வேலையைச் சுலபமாகச் செய்யுமோ அந்த வேலை அதனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வண்ணப் பூச்சில்லை, ஒட்டுவேலை இல்லை, ஒரு பொருளை இன்னொரு பொருளாக நடிக்கவைக்கும் வேலையும் இல்லை.

அப்படியென்றால் துணியில் கிளி செய்து கோயில் வாசலில் விற்கலாமே என்று உடனே தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். மரவள்ளி இலை மடிப்புகளைப் பச்சை சாட்டினில் நகலெடுத்தால் கிளி சொல்லிக்கொடுத்த பாடத்தையே கைவிட்டவர்கள் ஆவோம். இலையின் விறைப்பு துணிக்கு இல்லை. துணியின் நெகிழ்ச்சியும் கரையும் முந்தானையும் இலைக்கு இல்லை. துணிக்கிளி செய்வதென்றால் சுந்தரபாண்டியத்துப் பச்சைச் சேலைத் துணியிலிருந்து தொடங்கலாம். சேலையின் கரை நெருக்கமாக நெய்யப்பட்ட பகுதி, வெட்டினாலும் சட்டென்று பிரியாது, மடித்தால் நிற்கும். அதை இறக்கைக்கும் வாலுக்கும் வைத்தால் உள்ளே அட்டையோ கம்பியோ வேண்டியதில்லை. அப்படி வரும் கிளி கோயில் கிளியின் பிரதியாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். பரம்பரையாக அந்தக் கைங்கரியத்தைச் செய்பவர்களின் உழைப்புக்குப் போலி உண்டாக்கி, ஆண்டாள் கிளி என்று சீட்டு ஒட்டி விற்பது மரியாதையும் இல்லை. சேலைக்கிளி என்றே விற்கலாம்.

இனி பேண்டேஜ் துணிக்கு வருவோம். புதுமைக்கு அதிக இடம் இருப்பது அதில்தான், ஏமாற்றத்துக்கும் அதே அளவு இடம் இருக்கிறது. காஸ் என்பது இழைகளை இடைவெளி விட்டு நெய்த சாதா நெசவு. அதை அப்படியே பொம்மைத் தோலாகப் போட்டால் உள்ளே இருக்கும் பஞ்சு இழை இடைவெளிகளின் வழியே பிதுங்கிக்கொண்டு வெளியே வரும், தையல் ஓரம் ஒரு இழுப்பில் பிரிந்துவிடும். முதல் முயற்சியிலேயே இதைப் பார்த்துவிட்டுப் பலர் இது உதவாது என்று ஒதுக்கிவிடக்கூடும். தோலாக உதவாத துணி தசையாக உதவும். இரண்டு அங்குல அகல நாடாவாக வெட்டி, பஞ்சு உருண்டையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினால், இழைகள் நகர்ந்துகொடுத்து உருண்டையோடு ஒட்டிப் படியும். கண் மட்டத்தில் ஒரு நூல், காதிலிருந்து காதுக்கு மோவாய் வழியாக இன்னொரு நூல் கட்டினால் முகத்தின் எலும்பமைப்பு வந்துவிடும். அதன்மேல் திருப்பூர்ப் பனியன் துணி ஒரே ஒரு அடுக்கு. ஐரோப்பியர்களின் குழாய்க் காஸ் இல்லாமலே, தட்டையாக நெய்த நம் ஊர்த் துணியை நாடாவாக்கிச் சுற்றினாலே போதும். சுற்றுவதற்கு நேரம் கூடுதலாகும், ஆனால் எங்கே கன்னம் வேண்டுமோ அங்கே இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றலாம் என்ற சுதந்திரம் குழாய்த் துணியில் கிடைக்காது.

இரண்டாவது வழி, இசன்னா வாக்கரின் வழி. எலும்பு முறிவுக்குக் கட்டும் மாவுக்கட்டு என்பது காஸில் ஜிப்சம் மாவைப் பிடித்து வைத்ததுதான். அந்தத் துணிக்கு எந்த மேடு பள்ளத்திலும் படியும் குணம் இருப்பதால்தான் மருத்துவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜிப்சம் மாவுக்குப் பதில் கஞ்சிப்பசை தடவி, விளாச்சேரிக்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற முக அச்சில் மூன்று நான்கு அடுக்கு அழுத்திக் காயவைத்தால், காகிதக்கூழைவிட மெல்லிய, விழுந்தால் உடையாத முகம் கிடைக்க வேண்டும். இது கொலுப்படிக்கு ஏற்ற பொம்மை. கஞ்சியைப் பூச்சி தேடி வரும் என்பதால் ஆண்டுக்கொருமுறை பெட்டியிலிருந்து எடுத்து வைக்கும் பொம்மைக்குப் பாதுகாப்பு தேவைப்படும். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கு அந்தப் பேச்சே கூடாது. ஒரே துணியில் இரண்டு பொம்மைகள், ஒன்று விளையாட, ஒன்று வைத்துப் பார்க்க. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதே பாதிப் பாதுகாப்பு.

தோல் நிறத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. வெளுத்த காஸும் வெளுத்த பனியன் துணியும் சாயத்தை நன்றாக உறிஞ்சும். சந்தையில் கிடைக்கும் பொம்மைகளின் இளஞ்சிவப்புத் தோலை ராஜபாளையத்திலும் திரும்பச் செய்வதற்கு எந்த அவசியமும் இல்லை. காசுக்கட்டி பழுப்பு தரும், கடுக்காய் மங்கிய மஞ்சள் தரும், தேயிலை வடிநீர் மாநிறம் தரும். வெயிலில் காய்ந்த நம் ஊர்க் குழந்தையின் நிறத்தில் ஒரு பொம்மை என்பது சாயக்கிண்ணத்தில் அரைமணி நேர வேலை. இயற்கைச் சாயம் என்பதாலேயே அது பத்திரமானது என்று அர்த்தமில்லை. சாயம் பிடிக்கச் சேர்க்கும் உலோக உப்பையும், ஈரம் பட்டால் நிறம் விடுகிறதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும்.

உள்ளே திணிக்கும் பஞ்சில்தான் பெரிய பொறி இருக்கிறது. சர்ஜிகல் காட்டன் பக்கத்திலேயே கிடைக்கிறது, தூய்மையானது, வெண்மையானது, எனவே அதையே திணிக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். திணிக்கவே கூடாது. பருத்தி இழையின் மேல் இயற்கையாக இருக்கும் மெழுகை நீக்கிவிடுவதால்தான் மருத்துவப் பஞ்சு நீரை உறிஞ்சுகிறது. பொம்மைக்குள் போனால் எச்சில், வியர்வை, குழந்தை கவிழ்த்த பால் எல்லாவற்றையும் அது உறிஞ்சும், காய நாளாகும், கட்டிகட்டியாக இறுகும், பூஞ்சை பிடிக்கும். வெளுக்காத பருத்திப் பஞ்சில் அந்த மெழுகு இருக்கிறது, துள்ளலும் கூடுதல். மில்களில் நூற்பதற்கு முன் பஞ்சைச் சீவும்போது ஒதுங்கும் குட்டை இழைப் பஞ்சு விலை குறைவு, ஆனால் நாளாவட்டத்தில் அமுங்கும் என்பதால் கைகால்களுக்கு மட்டும் பொருந்தும். இலவம் பஞ்சின் இழை உள்ளே குழாய்போல் வெற்றிடமானது, மெழுகுப் பூச்சுள்ளது, எளிதில் நனையாது. மிதவைச் சட்டைகளில் ஒரு காலத்தில் அதைத்தான் அடைத்தார்கள். எடையில்லாத பெரிய பொம்மைக்கு அது சரி. ஆனால் திணிக்கும்போது பறக்கும் தூசு மூக்கைப் பதம்பார்க்கும், எளிதில் தீப்பற்றும், சில ஆண்டுகளில் பொடியத் தொடங்கும். பாலியெஸ்டர் ஃபைபர் இவை எல்லாவற்றையும்விடத் துள்ளலானது, துவைத்தால் ஒரே வெயிலில் காய்கிறது. இதை மறைத்துவிட்டுப் பருத்தியின் புகழ் பாடுவது நேர்மையில்லை. தலைக்கு வெளுக்காத பருத்தி, உடம்புக்கு இலவம் பஞ்சு, அதையும் கழற்றிக் காயவைக்கும்படி தனிப் பையில் அடைத்தால் பாலியெஸ்டரின் இந்தச் சாதகம் பெருமளவு சரிக்கட்டப்படும். உள்பை என்ற இந்தச் சின்ன மாற்றம்கூடத் துணியும் பஞ்சும் வற்புறுத்திய பேட்டர்ன் மாற்றம்தான். பாலியெஸ்டர் பொம்மைக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

நைட்டித் தையலில் விழும் பிட்டுத் துணிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பருத்திப் பிட்டு எதற்கும் உதவும். ரேயான் நனைந்தால் வலுவில் பாதியை இழக்கும், வெட்டிய ஓரம் பிரியும், எனவே உடம்புக்கு வேண்டாம், பாவாடைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: நைட்டிப் பூக்கள் பெரியவை. பத்தங்குலப் பொம்மைக்கு அந்தப் பூவில் ஒன்று முழுதாக வந்தால் அதுவே மார்பையும் வயிற்றையும் மூடிவிடும். பூவின் ஓர் இதழ் மட்டும் விழும்படி வெட்டினால் அழகான புதுத் துணியாகிவிடும், ஆனால் அதற்கு வெட்டுபவரின் கண் பழக வேண்டும். கைத்தறிச் சேலைக்கும் இதே தொல்லைதான். ஆறு அங்குலக் கரை அந்தப் பொம்மைக்கு இடுப்பையே தாண்டிவிடும். பொம்மைக்கென்று விரல் அகலக் கரை வைத்து ஒரு பாவு ஓட்டினால் இந்த வட்டாரத்துத் தறிகள் உலகத்தில் எந்தப் பொம்மைக் கடையும் தர முடியாததைத் தரும். கூடவே, பாவு தீர்ந்து புதுப் பாவைப் பழைய இழைகளோடு பிணைக்கும்போது மிஞ்சும் நூல் முனைகள் பொம்மை முடிக்குக் கச்சிதமான நீளம். சாயம் ஏற்றிய நூல், கறுப்பைத் தேடி அலைய வேண்டாம்.

மனித உருவத்தோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டியதில்லை. ராஜபாளையத்தின் பெயரை நாடறியச் செய்தது ஒரு நாய். பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த வேட்டைநாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. பேண்டேஜ் வெள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்காது. ஆனால் கடையில் கிடைக்கும் நாய்ப்பொம்மை பேட்டர்ன் இதற்கு ஆகவே ஆகாது. அவை கொழுத்த நாய்க்குட்டிக்காக வரைந்தவை. இதுவோ ஒட்டிய வயிறும் நீண்ட காலும் உள்ள நாய். துணியில் நீண்ட மெல்லிய கால் எடையைத் தாங்கி நிற்காது, கம்பி வைத்தால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே முன்கால்களை நீட்டிப் படுத்திருக்கும் நாயாகத்தான் பேட்டர்ன் வரைய வேண்டும். வயிற்றுக்கடியில் வைக்கும் இடைத்துண்டை நடுவில் குறுக்கினால் அந்த ஒட்டிய வயிறு வரும். உடலுக்கு நெருங்க நெய்த வெளுத்த பருத்தித் துணி, உள்ளே காஸ் நாடா சுற்றிய தலை, மடிந்து தொங்கும் காதுக்கு மட்டும் இரட்டைக் காஸ். காஸ் தளர்வாகத் தொங்கும் என்ற குறையே அங்கே காதாகிவிடுகிறது. அந்த இனத்தைத் தெரிந்தவர் ஒரு பார்வையில் அடையாளம் காண வேண்டும் என்பதே இதற்குரிய சோதனை.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் விலை. கை வேலை எப்படி இயந்திரத் தயாரிப்போடு போட்டியிடும்? கணக்குக்காக ஒரு பொம்மைக்கு நாலு மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் கூலியே 240. சாமான் 60 சேர்த்தால் 300. கடைக்காரர் லாபம் வைத்தால் 500ஐத் தாண்டும். ஃபேன்சி ஸ்டோர் கரடி அதில் பாதிக்குக் கிடைக்கும். இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும் 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது உள்நாட்டு ஆலைகளுக்கு உதவியிருக்கலாம், கையால் தைப்பவர் போட்டியிட வேண்டியது அந்த ஆலைகளோடும்தான். இந்த வாதம் வலுவானது. அதற்குப் பதில் இரக்கத்தைக் கோருவதில் இல்லை, அந்த நாலு மணி நேரம் எங்கே போகிறது என்று பார்ப்பதில் இருக்கிறது. பெரும்பகுதி இரண்டு இடங்களில் கரைகிறது: ஒல்லியான கைகால்களைத் தைத்து உள்பக்கம் வெளியே திருப்புவதிலும், முகத்திலும். இரண்டு விரலைவிடக் குறுகிய கையைத் திருப்புவது நரகவேலை. கையை உடலோடு ஒரே துண்டாக வெட்டும் பேட்டர்ன், விரல்களைத் தையல் கோட்டால் மட்டும் காட்டும் பேட்டர்ன், சுற்றிக் கட்டுவதாலேயே முகம் வந்துவிடும் காஸ் தலை என ஒவ்வொரு வடிவ மாற்றமும் நேரத்தைக் குறைக்கும் மாற்றம். நைட்டித் தையலில் ஒரு நாளில் எத்தனை உருப்படி என்று கணக்குப்போடத் தெரிந்த தையல்காரர்களுக்கு இந்த மூளை ஏற்கெனவே இருக்கிறது. யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வாதம் பாதுகாப்பு. வெட்டுத்துணி, கழிவுப் பஞ்சு என்ற சொற்களே பெற்றோரைப் பயமுறுத்தும். சட்டமும் கடுமையானது. 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐ.எஸ். 9873 தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு முத்திரைக்குத்தான், குழந்தையின் தொண்டைக்கு விலக்கு கிடையாது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கான பொம்மையிலிருந்து பிய்ந்து வரும் எதுவும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கிவிடக் கூடாது என்பது விதி. பிய்ந்து வந்தால் எந்தப் பட்டன் கண்ணும் எந்த மணியும் அதில் தோற்றுவிடும். கண்ணை எம்ப்ராய்டரியில் போட்டால் பிய்ந்து வர அங்கே ஒன்றுமே இருக்காது. தைக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஊசிகளை எண்ணிவைப்பது செலவில்லாத பாதுகாப்பு. வெட்டுத்துணி என்பது யாரும் உடுத்தாத புதுத் துணி, காஸ் என்பது எந்தக் காயத்தையும் பார்க்காத துணி. கறைபட்ட துணி பயன்படுத்துவதாக இருந்தால் அதை ஒளிக்காமல் சொல்லி, கொதிநீரில் வெளுத்துக் காட்டினால் வாங்குபவர் ஏற்றுக்கொள்கிறார் என்பதற்குக் கேரளத்தில் சான்று இருக்கிறது.

2018 வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தின் சேந்தமங்கலம் நெசவாளர்களின் ஓணச் சரக்கு சேற்றில் மூழ்கியது. லட்சுமி மேனோனும் கோபிநாத் பாராயிலும் அந்தச் சேலைகளை வெளுத்துச் சுத்தமாக்கிச் சேக்குட்டி என்ற சின்னப் பொம்மைகளாக்கினார்கள். 1,300 ரூபாய்ச் சேலை ஒன்றில் 360 பொம்மைகள். ஒன்று 25 ரூபாய் என்றால் 9,000 ரூபாய். போகாத கறையை மறைக்காமல் விட்டதே அந்தப் பொம்மையின் முத்திரை. யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய எளிய கட்டு என்பதால் தன்னார்வலர்கள் ஏராளமாகச் செய்து தள்ளினார்கள். அதற்கு முன்பே, 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களோடு சேர்ந்து துணிக் கழிவில் சுனாமிகா என்ற விரலளவுப் பொம்மையை உருவாக்கியது. அது விற்பனைக்கே வராமல் பரிசாகவே கைமாறியது. இரண்டும் துணியிலிருந்து பிறந்த வடிவங்கள், என் வாதத்துக்கு நேரடிச் சாட்சிகள். ஆனாலும் இவற்றை அப்படியே பின்பற்றச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. இரண்டின் பின்னாலும் ஒரு பேரிடர் நின்றது. வாங்கியவர், வைத்திருப்பவர் எல்லோரும் ஒரு துயரத்தில் பங்கெடுத்தார்கள். பைகளிலும் சாவிக்கொத்துகளிலும் தொங்கிய அந்தப் பொம்மைகளை வைத்துக் குழந்தை ஆறுமாதம் விளையாடிவிட முடியாது. ராஜபாளையத்துப் பொம்மைக்குச் சொல்லப் பெரிய சோகக் கதை இல்லை. அது பொம்மையாகவே நன்றாக இருந்தாக வேண்டும், அது இன்னும் கடினமான பரீட்சை.

மூன்றாவதாகப் பாரம்பரியம் பேசுபவர்கள் வருவார்கள். நமக்கு மரப்பாச்சி உண்டு, களிமண் உண்டு, தஞ்சாவூர்த் தலையாட்டி உண்டு, துணிப்பொம்மை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் ரோமானியர் காலத்து எகிப்தின் லினன் துணிப்பொம்மை ஒன்று இருக்கிறது, உள்ளே கந்தலும் பாப்பிரஸும் திணித்தது. துணி கிழிந்த இடமெல்லாம் துணிப்பொம்மை இருந்திருக்கும், மண்ணுக்குள் மக்கிப்போனதால் சாட்சி குறைவு. நம் சங்கப் பாடல்களின் சிறுமிகள் கோரைப்புல்லில் பாவை செய்தார்கள், ஈரமணலில் பாவை வனைந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாளே நாச்சியார் திருமொழியில் மணல்வீடு கட்டும் சிறுமிகளின் குரலில் ஒரு பதிகம் பாடியிருக்கிறாள். ஆற்றங்கரையில் கோரை, கடற்கரையில் மணல் என்று கையில் கிடைத்ததே அவர்களுக்குப் பொம்மையாயிற்று. நூறாண்டாகப் பருத்தியில் பிழைக்கும் ஒரு வட்டாரத்தில் கையில் கிடைப்பது பேண்டேஜும் பிட்டுத்துணியும் என்றால், அதைத் தொடாமல் மரப்பாச்சியைக் காட்டுவது பாரம்பரியத்தின் மேல் அக்கறை போலத் தெரியவில்லை.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. பேட்டர்ன் என்பது முதல் தடவையில் வருவதில்லை. கழுத்து தொய்யும், தலை சாயும், நாயின் வயிறு ஊதும். வெட்டிப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். உருப்படிக் கூலிக்குத் தைக்கும் ஒரு பெண் இதற்காகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அவள் இழக்கும் நைட்டிகள். அரசின் பூம்புகார் நிறுவனம் ஆண்டுதோறும் கொலுப்பொம்மைக் கண்காட்சி நடத்துகிறது, கோ-ஆப்டெக்ஸ் நெசவாளர்களிடம் சேலை வாங்குகிறது, மகளிர் குழுக்களுக்கு வங்கி கடன் தருகிறது. எல்லாம் முடிந்த பொருளுக்கு, அல்லது முடியப்போகும் பொருளுக்கு. தோற்ற மாதிரிக்கு யாரிடமும் ரசீது போட முடியாது. பயிற்சி வகுப்பில் இருபது பேருக்கு மூன்று நாள் கொடுக்கும் படித்தொகையை, துணி தெரிந்த நாலு தையல்காரர்களுக்கும் ஒரு நெசவாளருக்கும் மூன்று மாதம் கொடுத்து, கெட்டுப்போன மாதிரிகளையும் சேர்த்தே விலைக்கு வாங்கினால் செலவு பலமடங்கு கூடும்தான், ஆனால் கையில் வடிவங்கள் மிஞ்சும். பங்குனியில் தொடங்கினால் புரட்டாசிக் கொலுவுக்கு முன் மூன்று நான்கு வடிவங்களாவது தேறும். அந்த மாதிரிகளையும் அவற்றின் அளவுத் தாள்களையும் ராஜபாளையத்திலேயே, தைத்தவர்கள் பெயரோடு, அடுத்து வருபவர் எடுத்துப் பார்க்கும்படி வைக்க வேண்டும். சென்னை அலுவலக அலமாரிக்குப் போனால் திரும்பி வராது.